மஞ்சள் மீனின் பட்டினி

"பத்து நாளா ஒண்ணும் தின்னலை சார். இன்னிக்கு லீவு வேணும்," என்றார் முத்துவேல், போனில்.

"யாரு?" என்றார் துப்புரவு மேற்பார்வையாளர் சிவராமகிருஷ்ணன்.

"மீனு சார்."

முத்துவேலின் மனைவி வசந்தி இறந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்று சிவராமகிருஷ்ணனுக்கும் தெரியும். "எடுத்துக்கோ," என்று வைத்துவிட்டார்.

வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த பத்தாம் நாளே வசந்தி போய்விட்டாள். கடைசியாகச் சொன்னது, "மீனைப் பாத்துக்கோங்க." அவள் ஆசையாக வளர்த்தவை இரண்டு மஞ்சள் சிக்லிட் மீன்கள். சொந்த ஊர் ஆப்பிரிக்கா என்றாலும் பரம சாது. இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு இனி அவர் செய்யக்கூடியது அவற்றைக் காப்பாற்றுவது ஒன்றுதான். பெண் மீனோ வாயை இறுக்கி மூடிக்கொண்டு மூலையில் நின்றது. வசந்தியை நினைத்து ஏங்குகிறது என்று முடிவு கட்டிவிட்டார். ஏங்குவதில் அவருக்கும் அனுபவம் உண்டு.

கடைத் தீனியைத் தொடவில்லை என்று இறாலை அரைத்துப் போட்டார். தண்ணீர் கலங்கியது.

"இட்லி உதுத்துப் போடுங்கண்ணே. எம் பேரனுக்கு அதுதான் எறங்குது," என்றாள் பக்கத்து வீட்டுக் காளியம்மை.

போட்டார். தண்ணீர் கஞ்சியானது. அத்தனையையும் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து நிரப்பினார். அதில் கலந்திருந்த குளோரின் மருந்து தாங்காமல் மத்தியானத்துக்குள் ஆண் மீன் செத்து மிதந்தது.

முத்துவேல் தொட்டி முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பிறகு மிச்சமிருந்த ஒன்றைத் தூக்குவாளியில் விட்டு, மட்டாஞ்சேரி பஜாரில் வசந்தி வழக்கமாகப் போகும் மீன்தொட்டிக் கடைக்கு ஓடினார்.

தான் வசந்தியின் புருஷன் என்று அவர் சொன்னதும், மலையாளிக் கடைக்காரன் பிரதீஷ் மீனை வலையில் எடுத்து, தாடையை விரலால் மெல்ல விலக்கினான். உள்ளே பொடிப்பொடியாகக் கண்கள்.

"அசுகம் ஒண்ணும் இல்ல சேட்டா. வாய் நெறைய குஞ்சாக்கும். இந்த எனம் முட்டையை வாயிலயே வச்சுப் பொரிக்கும். மூணு வாரம் ஒண்ணும் தின்னாது."

முத்துவேலுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வசந்தியின் தொட்டி காலியாகாது.

மீனை வாளியில் விட்டுவிட்டு பிரதீஷ் சிரித்தான். "மீன் தின்னாததைக்கூட கவனிக்கிற ஆளு நீங்க. 'ரெண்டு மாசமா எனக்குச் சோறு எறங்கலை, அவருக்குத் தெரியவே தெரியாது'ன்னு வசந்தி சேச்சி இங்க நின்னு சொன்னது தமாஷுக்குத்தானே, சேட்டா?"