அதாவது பாய் பாதியில் விட்ட வாக்கியம்

திருச்சி மாநகர எல்லைக்குள், அடுத்தவர் பேச்சைக் கடைசிச் சொல் வரைக்கும் கேட்ட ஒரே மனிதர் எங்கள் அலுவலகத்து 'அதாவது' பாய்தான். இதைச் சும்மா சொல்லவில்லை. என்னிடம் பட்டியல் இருக்கிறது.

ஒன்று. சிலிண்டர் வரவில்லை என்று யாரோ ஓர் அம்மா தவறுதலாக அவருடைய எண்ணுக்கு அழைத்துவிட்டார். மாமியாரின் சர்க்கரை, மகனின் மண்டபச் செலவு எல்லாவற்றையும் இருபது நிமிடம் கேட்டு முடித்த பிறகுதான் பாய் வாய் திறந்தார். "அதாவதுங்கம்மா, இது ராங் நம்பருங்க." மறுநாள் அந்த அம்மா மறுபடி அழைத்தார். சிலிண்டர் வந்துவிட்டதாம், பாயிடம் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லையாம்.

இரண்டு. சத்திரம் பேருந்து நிலையத்தில், "மாம்பழச்சாலை, அம்மா மண்டபம், ஸ்ரீரங்கம்" என்று கூவிக்கொண்டிருந்த கண்டக்டரிடம் ஏதோ கேட்க வேண்டியிருந்தது. அவர் கூவி முடிக்கட்டும் என்று பாய் நின்றார். பேருந்து போய்விட்டது.

மூன்று. இதை மட்டும் நான் சரியாகக் குறித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு மதியம் பாய், "அதாவது, பிரச்சனை கனெக்..." என்று சொல்லும்போது கரண்ட் போனது. நாங்கள் கீழே இறங்கி டீ குடித்துவிட்டு வந்தோம். பாய் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். விளக்கு எரிந்ததும், "...டர்லதான்" என்று முடித்தார்.

தன் பேச்சிலும் அவர் அப்படித்தான். தொடங்கிய வாக்கியத்தை யாருக்காகவும் விடமாட்டார். விட்ட இடத்திலிருந்துதான் தொடர்வார்.

தில்லை நகரில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கிராமத்துப் பால் சங்கங்களுக்குப் பால் அளக்கும் இயந்திரம் செய்கிறோம். அதற்குள் ஒரு சின்னக் கணினியும், பாலைச் சோதிக்கும் ஒரு சிப்பும் இருக்கின்றன. இரண்டும் இரண்டு கம்பிகள் வழியாகப் பேசிக்கொள்ளும். ஒரு கம்பியில் கணினி தாளம் போடும். ஒவ்வொரு தாளத்துக்கும் சிப் மற்ற கம்பியில் ஓர் எழுத்தாகச் சொல்லும். இந்தக் கம்பிகளுக்கு எங்கள் தொழிலில் பஸ் என்று பெயர். கணினியின் அடிப்படை மென்பொருளான கெர்னலுக்குள் உட்கார்ந்து அதை நடத்தும் நிரல், டிரைவர். என்ன வேலை என்று கேட்பவர்களிடம், "எம்.இ. படிச்சுட்டு பஸ் டிரைவரைத் திருத்திட்டு இருக்கா" என்று அப்பா சொல்வார். அந்த டிரைவர் என் பொறுப்பு. சிப்பைத் தேர்ந்தெடுத்து சர்க்யூட் பலகையில் பொருத்தியவர் பாய்.

மருங்காபுரிப் பக்கம் சங்கங்களில் சில காலைகளில் இயந்திரம் உறைந்துபோனது. கணினி ஓடும், திரை எரியும், சிப்பிடமிருந்து மட்டும் பதில் வராது. சங்கச் செயலாளர் நேராக எனக்கே போன் போடுவார். "கேனோட நாப்பது பேர் நிக்கிறாங்கம்மா. வெயில் ஏறுது. பால் உங்க கம்ப்யூட்டர் வர்ற வரைக்கும் காத்திருக்குமா?"

பதினான்கு காரணங்களைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக அடித்தேன். பதினான்கும் அடிபட்டன. என் பட்டியல் முடிந்துவிட்டதால், தவறு என்னுடையதல்ல என்று முடிவு செய்தேன். மேனேஜர் இன்னும் எளிமையாக யோசித்தார். டிரைவரில் தவறில்லை என்றால் சிப்பில் தவறு. சிப்பில் தவறென்றால் பாயிடம் தவறு.

பாயின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. எட்டு வருடம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு, மகள் பிளஸ் டூ முடிக்கும் வரையாவது பாலக்கரையில் வீட்டோடு இருக்க வேண்டும் என்று வந்தவர் அவர். புதுப்பிப்பதா வேண்டாமா என்பது வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முடிவாகும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன்.

அந்தக் கூட்டங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. மார்க்கர் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம், இரண்டு நிமிடம்தான் பேசலாம். சட்டத்தைப் போட்டவள் நான். பாய் வருவதற்கு முன் அது நன்றாகவே வேலை செய்தது. அவர் கையில் போன மார்க்கர், வாக்கியம் முடியாமல் வெளியே வராது. மற்ற எல்லோரும் வாயடைத்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை பாய் மார்க்கரை வாங்கி, பலகையில் இரண்டு கோடுகள் போட்டார். கீழ்க்கோட்டைத் தாழ்வாக இழுத்து அப்படியே விட்டார். மேல்கோட்டில் சின்னச் சின்னதாகப் பற்கள் வரைந்தார்.

"அதாவது மேடம், அந்த சிலிண்டர் அம்மா இருக்காங்கல்ல..."

"பாய், நேரா விஷயத்துக்கு வாங்க," என்றார் மேனேஜர்.

"விஷயந்தான் சார். அவங்க பேசிட்டு இருக்கும்போது நான் போனை வச்சுட்டு மறுபடி எடுத்து, ஹலோ யாருன்னு கேட்டா எப்படி இருக்கும்? சிப் மேல தப்பில்லைங்க, அது வந்து..."

என் கைப்பேசியில் இரண்டு நிமிட மணி அடித்தது. எழுந்துபோய் அவர் கையிலிருந்து மார்க்கரை எடுத்தேன். லேசாகத்தான் எடுத்தேன், ஆனால் எடுத்தேன்.

"டைம் ஆயிடுச்சு பாய். மிச்சத்தை குரூப்ல டைப் பண்ணிடுங்க."

மார்க்கர் என் கையில், மூடி அவர் கையில். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார். பலகையைப் படமெடுத்துக் கூட்டக் குறிப்பில் ஒட்டி, பக்கத்தில் "பாய்: தொடர்பற்றது" என்று தட்டச்சு செய்தேன். சிப்பை மாற்றுவது என்று முடிவானது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. குரூப்பில் அவர் எதையும் டைப் பண்ணவில்லை. மாதக் கடைசியில், "போயிட்டு வரேங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாப்பாட்டு டப்பாவோடு இறங்கிப் போனார்.

புதுச் சிப்பும் உறைந்தது.

பாய் போன ஐந்தாவது வாரம், கம்பியில் ஓடுவதைக் காட்டும் அளவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு நானே மருங்காபுரி போனேன். காலை ஏழரைக்குக் கரண்ட் ஒரு கண் சிமிட்டியது. கணினி எல்லாவற்றையும் மறந்து புதிதாக எழுந்து, வேலையைத் தொடங்கப் பார்த்தது. சிப்புக்கு அந்தச் சிமிட்டல் உறைக்கவே இல்லை. அது பாதிச் சொல்லில் நின்றுகொண்டு, அடுத்த தாளத்துக்காகக் கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்தபடி காத்திருந்தது. அது விடாமல் வேறு யாரும் பேச முடியாது.

என் டிரைவரில் பதினோரு வரி சேர்த்தேன். எழுந்தவுடன் கம்பி பிடிபட்டிருக்கிறதா பார். பிடிபட்டிருந்தால், சிப் தன் பேச்சை முடித்துக் கம்பியை விடும்வரை தாளம் போடு. அதிகபட்சம் ஒன்பது போதும். இது பாடப்புத்தகத்திலேயே இருக்கும் விஷயம். என் பட்டியலில் பதினைந்தாவதாக இருந்திருக்க வேண்டும். இயந்திரம் எழுந்தது. செயலாளர் ஒரு டம்ளர் பால் கொடுத்தார்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு பழைய கூட்டக் குறிப்பைத் திறந்தேன். தாழ்ந்து நின்ற கீழ்க்கோடு. மேல்கோட்டில் பற்கள், பல்லுக்கு ஒரு தாளம். எண்ணினேன். ஒன்பது.

பாய் அதற்குள் ஷார்ஜா திரும்பியிருந்தார். மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அடடா" என்றார். அன்று சாயங்காலமே பாயை அழைத்தேன்.

"சொல்லுங்க மேடம், நல்லாருக்கீங்களா? அப்பா நல்லாருக்காங்களா?"

எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மார்க்கரைப் பிடுங்கியது தப்பு, குறிப்பில் எழுதியது தப்பு, உங்கள் வேலை என்னால் போனது. வரிசையாகத்தான் சொன்னேன்; எனக்கு வேறு மாதிரி வராது. பாய் கடைசிச் சொல் வரைக்கும் கேட்டார். இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கொஞ்சம் காத்திருந்தும் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான், அன்று விட்ட இடத்திலிருந்து சொன்னார். "...இன்னும் பேசி முடிக்கலைங்க. அவ்வளவுதான்."

அவர் தொடர்ந்தார். கேமரா மாட்டும் கம்பெனியில் வேலையாம். மகளுக்கு மார்ச்சில் பரீட்சை. தினமும் ஒரு மணி நேரம் போனில் பேசுகிறாளாம், நடுவில் மூச்சுக்கூட விடமாட்டாளாம். அந்த மார்க்கர் மூடி அவரிடம்தான் இருக்கிறதாம், ஞாபகமில்லாமல் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாராம். அதாவது, அதாவது என்று அரை மணி நேரத்துக்கு மேல் போனது. நான் குறுக்கே ஒரு 'ம்' கூடப் போடவில்லை. கடைசியில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் பாய். நீங்க சொல்லுங்க."