ஏமாத்துக்காரனுக்கு ரெண்டு அடையாளம்

தேரடி வீதியில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்த கோதண்டராமன், தன் வாடிக்கையாளர் ஒருத்தர்கூட இனி ஏமாறக் கூடாது என்று ராஜகோபுரத்தைப் பார்த்துச் சபதம் போட்டார்.

காரணம் இருந்தது. ஊரில் லாட்ஜுக்கும் கடைகளுக்கும் அவர்தான் இணையதளம் போட்டுக் கொடுத்து, வருஷா வருஷம் அதன் பெயரைப் புதுப்பித்தும் வந்தார். அவர்களுக்கெல்லாம் முன்பின் தெரியாத வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து கடுதாசி வந்தது: 'உங்கள் இணையதளப் பெயர் காலாவதியாகிறது. உடனே எங்களிடம் பணம் கட்டாவிட்டால் பெயர் பறிபோகும்.' பாத்திரக்கடை சக்கரவர்த்தி பயத்தில் தன் சொந்தப் பெயரே போய்விட்டதென்று நினைத்து, யார் கூப்பிட்டும் திரும்பாமல் திரிந்தார்.

கோதண்டராமன் கடை கடையாக ஏறி இறங்கினார். "ஏமாத்துக்காரனுக்கு ரெண்டே அடையாளம். பயமுறுத்துவான், அவசரப்படுத்துவான். கடுதாசியில இருக்கிற நம்பரை நம்பாதீங்க. நமக்கு முன்னாடியே தெரிஞ்ச நம்பருக்குப் போன் போட்டுக் கேளுங்க."

இதை வீட்டிலும் ஓதினார். மனைவி ஜோதியம்மாள் மட்டுமல்ல, சுவரிலிருந்த பல்லியும் மனப்பாடம் செய்துவிட்டது.

இந்தச் சூரர் நடுங்குவது ஒன்றுக்குத்தான். கிரிவலம். ஊர் உலகமெல்லாம் வந்து மலையைச் சுற்ற, இவர் மட்டும் கல்யாணமான நாளாக, 'அடுத்த பௌர்ணமிக்குப் பாக்கலாம்' என்றே காலத்தை ஓட்டிவிட்டார். ஜோதியம்மாளுக்கோ புருஷனோடு ஒருதரமாவது மலை சுற்றிவிட ஆசை. வாயில் கேசரி இருந்த பலவீனமான நேரம் பார்த்து அவள் கேட்க, மனுஷன் தலையாட்டிவிட்டார்.

பௌர்ணமி சாயங்காலம். ஜோதியம்மாள் பூ வைத்து, தண்ணீர் பாட்டிலோடு தயார். கோதண்டராமன் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"போச்சு ஜோதி. லாட்ஜ் தருமன் போன் பண்ணாரு. அவரு வெப்சைட் பேரு இன்னியோட காலியாம். நான் உடனே கடைக்குப் போகலைன்னா அவரு நடுத்தெருவுலதான்."

"பாவம். எந்த நம்பர்லருந்து பண்ணாரு?"

"எந்த நம்பரா இருந்தா என்ன? தலைபோற அவசரம்."

"பயமுறுத்தறீங்க. அவசரப்படுத்தறீங்க." இரண்டு விரலை மடக்கியவள், சுவரில் தொங்கிய லாட்ஜ் காலண்டரில் அச்சடித்திருந்த நம்பரைப் பார்த்துப் போன் போட்டாள். கொஞ்ச நேரம் உம் கொட்டினாள். வைத்தாள்.

"தருமன் சம்சாரம் வள்ளிதான் எடுத்தாங்க. அவங்க வீட்டுக்காரரும் செருப்பு மாட்டிக்கினு நிக்கறாராம். உங்க கடையில கம்ப்யூட்டரெல்லாம் புகையுதாம், உடனே போவணுமாம், அதனால கிரிவலம் வரமுடியாதாம்."

காலையில் டீக்கடையில் ஆளுக்கொரு பொய் என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்ட சிநேகிதர்கள், பொண்டாட்டிமார் பேசிக்கொள்வார்கள் என்பதை யோசிக்கவே இல்லை.

"ரெட்டைப் பிள்ளையார் கோயிலாண்ட அவரை இழுத்தாந்துடறேன்னு வள்ளி சொல்லிட்டாங்க," என்ற ஜோதியம்மாள், அவர் முட்டிக்குத் தேய்க்கிற தைலத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "செருப்பை மட்டும் இங்கயே விட்டுட்டு வாங்க."