பச்சை நூல் கட்டிய டப்பா

சுகாதார நிலையத்துக்காரர்களிடம் சிக்கப்போவதில்லை என்று ஆரணித் தறிக்காரர் இராஜமாணிக்கம் சபதம் செய்தபோது, டப்பா ஏற்கெனவே அவர் கையில் இருந்தது.

சுகர், பிரஷர் பார்க்க வீடு வீடாக வரும் நர்ஸ் தமிழ்ச்செல்வி, இந்த முறை ஆளுக்கொரு சின்ன டப்பா கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். காலையில் மலம் கொஞ்சம் எடுத்து அதில் வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருந்தாலும் சோதனையில் தெரிந்துவிடுமாம். குடல் புற்றை முளையிலேயே பிடித்துவிடலாமாம்.

இராஜமாணிக்கத்துக்குக் கண்ணுக்குத் தெரிந்தே போய்க்கொண்டிருந்தது, பொங்கலுக்கு முன்பிருந்து. தறிக்குழியில் உட்காருகிறவனுக்கு மூலம் வராதா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அவருடைய அண்ணனும் மூலம் மூலம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது சுவரில் படமாக இருக்கிறார்.

"என்ன பேஜார் இது! இதைப் போயி டப்பாவுல..."

"ஜல்தியா எடுத்தாங்க. நர்சம்மா வந்துகினு இருக்காங்க." கழிவறைக்கு வெளியே காவல் நின்றாள் மனைவி ஜெயம்.

மாறிவிடக்கூடாதென்று அவர் டப்பாவுக்குச் சிவப்புப் பட்டு நூலும் தன்னுடையதற்குப் பச்சையும் கட்டினாள். தொளதொள முடிச்சு. அவள் பால் வாங்கப் போன நேரத்தில் நூல்களை மாற்றிக் கட்டினார் இராஜமாணிக்கம். தறியில் இழை அறுந்தால் போடுகிற அதே கெட்டி முடிச்சு; கைப்பழக்கத்தில் மிஞ்சிய நூல் வாலையும் ஒட்ட நறுக்கினார். அதற்கப்புறம் என்ன ஆகும் என்று மனிதர் யோசிக்கவே இல்லை.

அடுத்த வாரம் ஜெயம் போனை வைத்துவிட்டு வந்தாள்.

"பச்சை நூல் டப்பாவுல ரத்தம் இருக்குதாம். வெள்ளிக்கிழமை வேலூர்ல கேமரா விட்டுப் பாக்கணுமாம். முந்தின நாளே குடலைச் சுத்தமா காலி பண்ணிடணுமாம்."

இராஜமாணிக்கத்துக்குத் தறியில் கை ஓடவில்லை. வியாழக்கிழமை முழுக்க அவளுக்கு வெறும் கஞ்சித்தண்ணி.

"நான் பட்டினி, நீங்க மட்டும் பிரியாணியா?" என்று அவருக்கும் அதையே ஊற்றினாள். குற்ற உணர்ச்சியோடு குடித்தார்.

சாயங்காலம் பேதி மருந்தைச் சொம்பில் கலக்கி டம்ளரில் ஊற்றினாள். அண்ணன் படத்தை ஒருமுறை பார்த்தாள்.

"எனக்கு எதுனா ஆயிட்டா, பசங்ககிட்ட சண்டை வளக்காம இருங்க."

டம்ளர் உதட்டருகே போனது. இராஜமாணிக்கம் பாய்ந்து பிடுங்கினார்.

"குடிக்காத ஜெயம்! அந்த ரத்தம் என்னுது. நூலை நான்தான் மாத்திக் கட்னேன். பயமா இருந்துச்சு." குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் மறுபடியும் எடுத்துக் குடித்துவிடப் போகிறாளே என்று தானே மடமடவென்று குடித்துத் தீர்த்தார்.

ஜெயத்தின் கண்ணிலும் தண்ணீர்தான்.

"முடிச்சைப் பாத்தப்பவே தெரியும். டப்பாவுக்குத் தறி முடிச்சு போட்டு வாலை நறுக்கற ஆளு இந்த வீட்ல யாரு? நர்சம்மாகிட்ட சொல்லிப் பேரைச் சரியா எழுத வெச்சிட்டேன். நாளைக்கு ஆஸ்பத்திரிச் சீட்டும் உங்க பேர்லதான்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"உங்க அண்ணன்கிட்ட அண்ணி சொல்லிகினுதான் இருந்தாங்க. அவரு போனாரா?"

தலையைக் குனிந்துகொண்டு காலி டம்ளரைக் கீழே வைக்கப் போனார் இராஜமாணிக்கம்.

"வெக்காதீங்க. சொம்பு இன்னும் அப்படியே இருக்குது."