சுத்தமான பக்கம்

ஒரகடத்தில் ஒரு பிரேக் கம்பெனி. 2012-இல் அதன் கேட்டில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள்: 'ஐ.டி.ஐ. தேர்வு முடிவின் இணையப் பக்கத்தைச் சேமித்து பென்டிரைவில் தரவும். சேமிக்கும் முன் தேவையற்ற அம்சங்கள் யாவும் நீக்கப்பட வேண்டும். தவறினால் வேலை இல்லை. காலியிடம் பத்து. கடைசி நாள் இன்று.'

எதிரே என் பிரௌசிங் சென்டர். நாங்குநேரியிலிருந்து வந்த மாசானம் ஓடி வந்தான்.

"பாஸாயிட்டேம்ணே. இந்த வேலை இல்லைன்னா ஊருக்குத்தான் பஸ் ஏறணும்."

அவன் தேர்வு முடிவுப் பக்கம் முழுக்க விளம்பரங்கள்: தொப்பை குறைக்கும் பொடி, மனை விற்பனை, மணமகள் தேவை. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுச் சேமித்தேன். அவனோடு ஆபீசுக்கும் போனேன். ஆள் எடுக்கும் அதிகாரி கோதண்டராமன் திரையை உற்றுப் பார்த்தார்.

"மேல 'எங்களைப் பற்றி'ன்னு கீதே, யாரைப் பத்தி?"

எடுத்தேன்.

"பேரு எதுக்கு?"

"பேரு இல்லாம எப்டி சார்?"

"மனுவுல பேரு இருக்கு. ஆளும் நேர்ல நிக்கறான். ஒரே தகவல் ரெண்டு இடத்துல இருந்தா ஒண்ணு தேவையற்றது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கத்தினால் போவது மாசானம் வேலை. பேரத்தில் இறங்கினேன்.

"மார்க்கை எடுத்துக்கோங்க சார், பேரை வுடுங்க."

"ரெண்டையும் எடு."

"பதிவு எண்ணாச்சும்?"

"எடு."

"'தேர்ச்சி'ன்னு ஒரே ஒரு வார்த்தை சார்!"

நெடுநேரம் யோசித்தார். "அது இருக்கட்டும்."

வெள்ளைத் திரை, நடுவில் 'தேர்ச்சி'. 'மேற்படி பக்கம் தூய்மையாகக் காணப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். மாசானம் சேர்ந்துவிட்டான்.

வெளியே ஒன்பது பேர் காத்திருந்தார்கள். ஒன்பதும் ஃபெயில்.

"அண்ணே, அதே பக்கத்தை எங்களுக்கும் ஏத்திக் குடுங்க."

கொடுத்தேன். யார் பேரும் இல்லாத பக்கம் யாருக்குத்தான் பொருந்தாது?

"என் சர்வீஸ்ல இவ்ளோ சுத்தமான பக்கங்களைப் பார்த்ததில்ல," என்று கோதண்டராமன் நெகிழ்ந்தார்.

ஒரே வாரத்தில், ஒன்பது பேர் பூட்டிய பிரேக் ஒன்றும் பிடிக்கவில்லை. மேலிடம் கூடி ஆராய்ந்தது. ஆட்களை நீக்க வழியில்லை, ஆவணங்கள் தூய்மையானவை. ஆகவே மாசானத்துக்குப் புதுப் பொறுப்பு: அந்த ஒன்பது பேர் பூட்டுவதைக் கழற்றி, மறுபடி பூட்டுவது.

போன வாரம் மாசானத்தை டீக்கடையில் பார்த்தேன்.

"எப்டிடா சமாளிக்கிற?"

"ஒண்ணும் கொறையில்லண்ணே. ஞாயித்துக்கெழம எனக்கு லீவு. லைன் மட்டும் அந்த ஒம்பது பேரை வச்சு ஓடும்."

உங்கள் வண்டியின் பிரேக் எந்தக் கிழமை பூட்டியதோ, எனக்குத் தெரியாது. பார்த்து ஓட்டுங்கள்.