ஒரு நாள் முதுகுவலி

ராட்சத ராட்டினத்துக்கான வரிசையில் நின்றுகொண்டிருந்த சூப்பரின்டெண்ட், திடீரென்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, மயக்கமா?" என்றாள் மனைவி.

"சத்தம் போடாதே. எனக்கு முன்னால நில்லு. கொஞ்சம் அகலமா நில்லு."

"அகலமாவா? நேத்து வரைக்கும் இளைச்சுத் தொலைன்னீங்க."

அவளுடைய கைப்பைக்குப் பின்னாலிருந்து அவர் ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தார். சந்தேகமே இல்லை. பாப்கார்ன் வண்டிக்குப் பக்கத்தில் வயிற்றுவலி நின்றுகொண்டிருந்தான்.

வயிற்றுவலி என்பது ஓர் ஆள். தண்ணீர் மீட்டர் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில், சூப்பரின்டெண்டுக்குக் கீழே தபால் பிரிவு குமாஸ்தா. போன மாதம் வயிற்றுவலி என்று லீவு போட்டுவிட்டு, மைத்துனியின் கல்யாண போட்டோவில் முன்வரிசையில் நின்று பல்லைக் காட்டியவன். அந்தப் போட்டோ எப்படியோ சூப்பரின்டெண்டின் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து அவனுக்குப் பெயர் போய்விட்டது. வலி மட்டும் நிலைத்துவிட்டது. நாளைக் காலை அவன்மேல் விசாரணை. விசாரிக்கப்போகிறவர் சூப்பரின்டெண்ட். வேலையை விட்டு அனுப்புவது என்று தீர்ப்பு ஏற்கெனவே தயார், விசாரணைதான் பாக்கி.

"இன்னைக்கும் டிமிக்கி!" சூப்பரின்டெண்டின் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் அவர் முகம் மலர்ந்தது அதுதான் முதல் தடவை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"என்ன பண்றீங்க?"

"போட்டோ. நாளைக்கு மேஜை மேல வைப்பேன். இது எந்த இடம், சொல்லுடான்னு கேப்பேன்."

"சொல்லுவான். அப்புறம், யார் எடுத்ததுன்னு அவன் கேப்பான்."

போன் சத்தமில்லாமல் சட்டைப்பைக்குத் திரும்பியது.

அவருக்கு அன்று முதுகுவலி. காலையில் அவரே போன் செய்து சொன்னது. சுகவீனம் தவிர வேறெதற்கும் திடீர் லீவு கிடையாது என்பது அலுவலகத்தின் சட்டம். உல்லாசத்துக்கு லீவு வேண்டுமென்றால், அந்த உல்லாசத்தை ஏன் ஞாயிற்றுக்கிழமை அனுபவிக்க முடியாது என்று விளக்கி முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். சட்டத்தை இயற்றியவரும் அவரே. கழிப்பறைக் கதவு தெரியும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டவர். தேநீர் இடைவேளையில் யாராவது சிரித்தால், என்ன நகைச்சுவை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, சிரிக்காமல் திரும்பிப் போகிறவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் லீவே எடுத்ததில்லை. தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய கற்பு போல அதைப் பற்றிப் பேசுவார்.

அப்படிப்பட்டவரை அன்று காலை மனைவி அசைத்துவிட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. விடிந்ததும் பையைக் கட்டிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னைக்கு நீங்க என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போகலைன்னா நான் இங்கிருந்து எழுந்திரிக்க மாட்டேன்" என்றாள். "இன்னைக்குன்னா இன்னைக்கு. நாளைக்கெல்லாம் வேணாம்." எங்கே என்று கேட்டதற்கு, தெருவில் போன பஸ்ஸின் பின்புறம் ஒட்டியிருந்த பூங்கா விளம்பரத்தைக் காட்டினாள்.

அலுவலகத்தில் போனை எடுத்த வரவேற்புப் பெண், முதுகுவலி என்றதும் பதறிப்போனாள். "ஐயோ, நல்லா ரெஸ்ட் எடுங்க சார்! நாளைக்கும் வலிச்சா நாளைக்கும் எடுங்க சார்!" பின்னணியில் பலர் ஒரே சமயத்தில் குரலெழுப்பும் ஆரவாரம் கேட்டது. தன் முதுகுக்காக அலுவலகமே துடித்துவிட்டது என்று அவர் நெகிழ்ந்தார்.

இப்போது மனைவியின் போன் அடித்தது.

"ம்... கிளம்பியாச்சு, கிளம்பியாச்சு. இருட்டினப்புறம்தான் திரும்புவோம். நீங்க நிம்மதியா வேலையைப் பாருங்க." வைத்துவிட்டாள்.

"யாரு?"

"தையல்காரம்மா."

சூப்பரின்டெண்ட் குனிந்தபடியே வரிசையை விட்டு வெளியேறினார். வாத்து நடப்பது போலிருந்தது. பார்த்த குழந்தைகள் சிலர் பின்னாலேயே அப்படி நடந்து வந்தார்கள்.

"வீட்டுக்குப் போயிடலாம்" என்றார், ஒரு குப்பைத்தொட்டிக்குப் பின்னால் நிமிர்ந்து.

"ஒரு ராட்டினத்துல கூட ஏறலை."

"என் மானம் போகப்போகுது. உனக்கு ராட்டினமா?"

"உங்க மானத்தோடதான் இத்தனை வருஷமா குடும்பம் நடத்துறேன். ஒரு நாள் ராட்டினத்தோட இருந்துட்டுப் போறேன்."

எப்படியும் வாசலுக்குப் போக பாப்கார்ன் வண்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். மாறுவேடம் ஒன்றே வழி. குப்பைத்தொட்டிக்கு எதிரிலேயே குழந்தைகளுக்கு முகத்தில் சாயம் பூசும் கடை இருந்தது. சூப்பரின்டெண்ட் போய் சிறுவர் முக்காலியில் உட்கார்ந்தார்.

"பட்டாம்பூச்சியா, புலியா?" என்றாள் சாயக்காரி.

"யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாது."

"அப்ப புலி. மீசை உங்ககிட்டயே இருக்கு, சாயம் மிச்சம்."

எழுந்தபோது அவர் கோடு போட்ட சட்டையும் இஸ்திரி மடிப்புக் கலையாத கால்சட்டையும் அணிந்த புலியாக இருந்தார். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஆனால் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. "புலி மாமா!" என்று ஒரு குழந்தை காலைக் கட்டிக்கொண்டது. அதன் அம்மா இன்னொரு குழந்தையை அவர் இடுப்பில் ஏற்றிவிட்டு, "கொஞ்சம் உறுமுங்க, போட்டோவுக்கு" என்றாள். பள்ளிச் சுற்றுலாவில் வந்த ஒரு வகுப்பே சூழ்ந்துகொண்டது. ஒளிய வந்தவரைச் சுற்றி இப்போது பூங்காவிலேயே பெரிய கூட்டம்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாக்கிடாக்கியோடு ஒருவர் வந்தார். பூங்காவின் மேற்பார்வையாளர்.

"ஏம்ப்பா புலி, வால் எங்க?"

"நான் வந்து..."

"தொப்பி இல்ல, வால் இல்ல, பேட்ஜ் இல்ல. எந்த செக்ஷன் நீ? வேலை நேரத்துல இப்படித்தான் இஷ்டத்துக்குச் சுத்துவியா?"

"இல்லங்க, நான் ஒரு அலுவலகத்துல சூப்பரின்டெண்டா..."

"போன வாரம் ஒரு கரடி, தான் கலெக்டர்னு சொல்லுச்சு. உன்னை மாதிரி ஆளுங்களை எனக்குத் தெரியும். முதுகு வலிக்குது, வயிறு வலிக்குதும்பீங்க. போ, போய் வாலை மாட்டிக்கிட்டு வா. பாதி நாள் சம்பளம் கட்."

அந்த வாக்கியங்களை, வாலையும் கரடியையும் தவிர ஒரு சொல் மாறாமல், சூப்பரின்டெண்ட் பலமுறை கேட்டிருக்கிறார். எல்லாம் தன் வாயிலிருந்து வந்தவை.

"கரெக்டா உங்களை மாதிரியே பேசுறாருல்ல?" என்றாள் மனைவி வியப்போடு. "சொந்தக்காரரா இருக்கும்."

முகத்தைக் கழுவ வேண்டும், அதுவும் உடனே. கழிப்பறை வாசலில் நீண்ட வரிசை. பக்கத்தில் படகுச் சறுக்கல். அதற்கு வரிசையே இல்லை. போன்களைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுப் படகில் ஏறினார்கள். படகு மலை உயரத்துக்கு ஏறி, அங்கே நின்று யோசித்து, பிறகு யோசனையைக் கைவிட்டது. தண்ணீர் அவரை முழுதாக நனைத்தது. சாயம் பாதி கரைந்து கழுத்து வழியே சட்டைக்குள் இறங்கியது. மனைவி கைகொட்டிச் சிரித்தாள்.

"இன்னொரு தடவை?"

"முன்னால போன படகைப் பாத்தியா? அதுல இருந்தவங்க அத்தனை பேரும் நம்மைத் திரும்பிப் பாத்துட்டு, தலையைக் கவுத்துக்கிட்டு தரையோட தரையா படுத்துட்டாங்க. இவ்வளவு பயம் இருக்கிறவன் எதுக்கு ஏறணும்?"

கரை ஏறியதும் கண்ணைத் துடைத்துப் பார்த்தார். எதிரில் பாலத்தின் மேல் வயிற்றுவலி! அவன் எதையோ பார்த்து அதிர்ந்து நிற்பது போலிருந்தது. சூப்பரின்டெண்ட் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கண்ணில் பட்ட முதல் இருட்டுக்குள் நுழைந்தார்.

அது பேய் வீடு.

"இதுதான் சரியான இடம். சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருந்துடலாம்."

"கல்யாண வாழ்க்கையில என்னை முதல் தடவையா வெளிய கூட்டிட்டு வந்து இருட்டறையில உக்கார வைக்கிறீங்க."

மூலையில் ஒரு சவப்பெட்டி. அதற்குள் இடமிருக்கிறதா என்று அவர் மூடியைத் தூக்கினார். உள்ளே ஏற்கெனவே ஒரு பேய் குந்தியிருந்தது. அது அவரைப் பார்த்தது. மஞ்சளும் கறுப்புமாக வழியும் அவர் முகத்தைப் பார்த்து அவர் அலறுவதற்கு முன் அது அலறியது.

"ஐயோ, சார்!"

மூடியைப் போட்டுவிட்டு அவர் ஓடினார். இருட்டில் எலும்புக்கூடு ஒன்றைக் கட்டிப்பிடித்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடி ஓடினார்.

"கேட்டியா?" என்றார் மூச்சிரைக்க. "பேய் சார்னு கூப்பிட்டுச்சு. இங்க பேய்க்குக்கூட மரியாதை தெரியுது. நம்ம ஆபீஸ்ல எவனுக்குத் தெரியுது?"

பேய் வீட்டுக்கு உள்ளே வந்த வழியே திரும்ப முடியாது. வெளியேறும் வழி நேராக ரோலர் கோஸ்டரின் மேடையில் போய் முடிந்தது. பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. வேண்டாம் என்று அவர் சொல்லிமுடிப்பதற்குள் தோளுக்கு மேல் இரும்புக்கம்பி இறங்கிப் பூட்டிக்கொண்டது.

"எனக்கு முதுகுவலி!" என்று கத்தினார். காலையில் சொன்ன பொய் இப்போது உண்மையாகும் தருவாயில் இருந்தது.

வண்டி ஏறியது, விழுந்தது, தலைகீழானது. சட்டம், ஒழுங்கு, கழிப்பறைக் கதவு, எல்லாம் கவிழ்ந்து கொட்டின. சூப்பரின்டெண்ட் அலறினார். வாழ்நாள் முழுக்க அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து அலறினார். கடைசி வளைவில் அந்த அலறல் வேறு என்னவோ ஆயிற்று. சிரிப்பு போலக்கூட இருந்தது. அதற்குள் வண்டி நின்றுவிட்டதால் உறுதியாகச் சொல்ல முடியாது.

தள்ளாடி வெளியே வந்தார்கள். சதுக்கத்தின் நடுவில் வீட்டுச் சுவர் அளவுக்கு ஒரு திரை. அதில் 'இன்றைய சிறந்த அலறல்' என்ற தலைப்பின் கீழ் ஒரு முகம். அரைப்புலி. வாய் குகை மாதிரி திறந்திருந்தது. கடைவாய்ப் பல்லின் வெள்ளி அடைப்பு மட்டுமே ஒரு தட்டு அகலம் இருந்தது.

திரைக்குக் கீழே வயிற்றுவலி நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கையிலிருந்த பாப்கார்ன் பொட்டலம் நழுவி விழுந்தது. திரும்பினான். இருவர் கண்களும் நேருக்கு நேர் சந்தித்தன. அவன் எடுத்தான் ஓட்டம்.

"முடிஞ்சுது" என்றார் சூப்பரின்டெண்ட்.

பக்கத்து பெஞ்சில் சரிந்தார். சட்டையிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டியது.

"இந்நேரம் ஆபீஸ் பூரா சொல்லியிருப்பான். நாளைக்கு நான் எந்த முகத்தோட போவேன்?"

"கழுவிட்டுப் போங்க."

"உனக்குக் கிண்டலா இருக்கு. என்கிட்ட வேற என்ன இருக்கு, சொல்லு? பிரமோஷன் வரலை. பேர் சொல்லிக் கூப்பிட ஒரு சிநேகிதன் இல்ல. பொய் சொல்லாத மனுஷன், லீவு எடுக்காத மனுஷன்னு ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. அதுவும் இன்னைக்கு அங்க தொங்குது, வாயைப் பிளந்துக்கிட்டு."

அவள் முந்தானையால் அவர் காதோரத்துப் புலியைத் துடைத்தாள்.

"எனக்குப் பிடிச்சிருக்கு அந்தப் படம். கல்யாணமான புதுசுல ஒரு தடவை சிரிச்சீங்க. அதுக்கப்புறம் உங்க வாய்க்குள்ள பல்லு இருக்கிறதை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

அவர் திரையை மறுபடி ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். பிறகு எழுந்தார்.

"விசாரணை கிடையாது. அவனோட வயித்துவலியும் என் முதுகுவலியும் ஒரு வயித்துப் பிள்ளைங்கதான். அவனைப் பாத்து நானே சொல்லிடறேன்."

பெட்டகத்திலிருந்து போன்களை எடுத்தார்கள். மனைவியின் போனில் 'தையல்' என்ற பெயரில் அழைப்புக்கு மேல் அழைப்பு வந்து குவிந்திருந்தது.

"இத்தனை தடவையா? ஒரு துணி தைக்கிறதுக்கு இவ்வளவு சந்தேகமா அவளுக்கு? பாராசூட்டா தைக்கிறா?"

மனைவி போனையே பார்த்துக்கொண்டு நடந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. ராட்டினத்தின் களைப்பு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வண்டிகள் நிறுத்துமிடத்தில், சுற்றுலா பஸ் ஒன்றின் மறைவில் வயிற்றுவலி மூச்சு வாங்க நிற்பது தெரிந்தது. சூப்பரின்டெண்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு போனார்.

அங்கே அவன் மட்டும் இல்லை.

அவருடைய அலுவலகத்தின் கணக்குப் பிரிவு மொத்தமும் தலை முதல் கால்வரை நனைந்து நின்றது. தலைமைக் கணக்கரின் தலையில் பேய் வீட்டுச் சிலந்திவலை தொங்கியது. நடுவில் காகிதக் கிரீடத்தோடு மேனேஜர், சோப்புக் குமிழி ஊதும் குழாயை வாயில் வைத்தது வைத்தபடி உறைந்திருந்தார். அதிலிருந்து ஒரு குமிழி தானாகக் கிளம்பி, மெல்ல மிதந்து வந்து, சூப்பரின்டெண்டின் மூக்கில் பட்டு உடைந்தது.

"முதுகு..." என்றார் அவர். "இப்பத்தான் கொஞ்சம் தேவலை."

அப்போது மனைவியின் போன் மறுபடி அடித்தது.

"எடு, எடு. அந்தத் தையல்காரியை முதல்ல ஒழிச்சுக் கட்டு" என்றார்.

கூட்டத்தின் ஓரத்தில் வரவேற்புப் பெண் தன் காதிலிருந்த போனை இறக்கினாள். மனைவியின் போன் அடிப்பது நின்றது.

அந்தப் பெண் சூப்பரின்டெண்டைப் பார்க்கவே இல்லை. நேராக மனைவியிடம் வந்து, அழாத குறையாகச் சொன்னாள்:

"என்னக்கா இது! நாங்க நிம்மதியா ஒரு டூர் போகணும், அன்னைக்கு ஒரு நாள் மட்டும் சாரை எங்கயாவது கூட்டிட்டுப் போயிடுங்கன்னுதானே உங்ககிட்ட கெஞ்சினோம்... இங்கயேவாக்கா கூட்டிட்டு வருவீங்க?"