வீட்டுப் பெயர் ஆனந்தோரா

"மிருகத்துக்கும் மாத்திரைக்கும் ரெண்டு ரெண்டு பேரு. ஒண்ணு கூப்பிடுற பேரு, ஒண்ணு சர்டிபிகேட் பேரு. ஆகையினாலே..."

ஒரு காட்டில் பொது மருந்தகத்தைத் திறந்து வைத்து மூத்த யானை இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது மைக் கூவியது. அது கூவி முடித்தபோது யானையும் பேசி முடித்திருந்தார். "ஆகையினாலே" என்பதற்குப் பிறகு என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் பலமாகக் கைதட்டினார்கள். பொன்னாடை சுற்றளவுக்குப் போதாமல் பந்தல் துணியை அவிழ்த்துப் போர்த்தினார்கள்.

அந்தக் காட்டில் மாசிலாமணி என்றொரு கரடி இருந்தது. சர்டிபிகேட்டில்தான் மாசிலாமணி. வீட்டில் புஜ்ஜு. கரையான் புற்றைக் கிளறி, மூக்கை உள்ளே விட்டு, 'ஃபூர்ர்ர்' என்று அது உறிஞ்சினால் இரண்டு மலை தாண்டிக் கேட்கும். அந்தச் சத்தத்தை மணியாக வைத்துத்தான் அக்கம்பக்கத்தில் சோற்றை இறக்கினார்கள்.

ஒரு மாதமாகச் சத்தம் இல்லை. கரடி குகைச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. பசி இல்லை. கேட்டால் பதில் இல்லை. மனைவி மரகதம் புதுப் புற்று ஒன்றைப் பெயர்த்தெடுத்து மூக்கருகிலேயே கொண்டுவந்து வைத்துப் பார்த்தது. கரடி மறுபக்கம் திரும்பிப் படுத்தது.

ஒன்றாம் வகுப்புத் தோழன் வீரபாகு வந்து பார்த்தது. அது ஒரு முள்ளம்பன்றி.

"பயப்படாத தங்கச்சி. டிவியில பார்த்தேன். கரடின்னா பனிக்காலம் பூரா தூங்குமாம்."

"இது சித்திரை மாசம் அண்ணே. அது வெளிநாட்டுக் கரடி. இவரு இங்கயே பொறந்தவரு."

"அப்ப கொழுப்பு."

அந்தக் காட்டில் மனதுக்கு வரும் நோய்களுக்கு மொத்தம் இரண்டே பெயர்கள்தான். ஒன்று கொழுப்பு. மற்றது திருஷ்டி. மரகதம் இரண்டையும் ஒப்புக்கொள்ளாமல் புருஷனைத் தள்ளிக்கொண்டு டாக்டரிடம் போனது.

டாக்டர் ஓர் ஆந்தை. மருத்துவமனை நேரம் காலை பத்து முதல் ஒன்று வரை என்று அரசாணை இருந்ததால் அது நோயாளிகளைக் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்க்கும். ஆனால் காது நன்றாகத் திறந்திருக்கும். மரகதம் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டது.

"சத்தம் எப்ப நின்னுச்சு?"

"பங்குனி கடைசியில டாக்டர்."

"இது கொழுப்பு இல்லம்மா. மனச்சோர்வு. மருந்து இருக்கு. முழுசா வேலை செய்ய ஆறு வாரமாவது ஆகும். நடுவுல நீங்களா நிறுத்தக் கூடாது, நீங்களா கூட்டவும் கூடாது."

எழுதிக் கொடுத்த மருந்தின் பெயர் ஆனந்தோரா. நீல மாத்திரை. வெள்ளித் தாள். பெட்டியின் மேல் ஒரு மான் முன்னங்கால்களை விரித்து உதய சூரியனைப் பார்த்து நிற்கும். மானுக்கு அப்படி நிற்க வராது. ஆனாலும் பார்க்க ஆறுதலாக இருந்தது.

ஆறாவது வாரம் ஒரு காலையில் வாசலில் 'ஃபூ' என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. மரகதம் கரண்டியோடு வெளியே ஓடி வந்தது. 'ர்ர்ர்' இன்னும் வரவில்லை. வந்துவிடும் என்று மரகதத்துக்குத் தோன்றியது.

அந்த வாரம்தான் சுற்றறிக்கை வந்தது. காட்டு நல அட்டைக்கு இனிமேல் கம்பெனி வைத்த பெயரில் மருந்து கிடையாது, பொதுப்பெயர் மருந்து மட்டும்.

பொது மருந்தகத்தில் வரிசை ஓடை வரைக்கும் நீண்டிருந்தது. படிவம் ஏழு, மூன்று பிரதிகள், ஒவ்வொன்றிலும் இடது முன்னங்கால் ரேகை. முன்னால் நின்ற பாம்பு அந்தக் கட்டத்திலேயே இரண்டு நாளாக நின்றுகொண்டிருந்தது. கவுன்டரில் உட்கார்ந்திருந்தது தவமணி என்கிற கீரி என்பதால் பாம்புக்கும் அவசரம் எதுவும் இல்லை.

பாம்பு ஒதுங்கி வழிவிட, கரடியின் முறை வந்தது. கீரி ஒரு பழுப்புக் கவரை நீட்டியது. உள்ளே உருண்டையான வெள்ளை மாத்திரைகள். மேலே டெட்ராவினெஃப்ரமலின் ஹைட்ரோகுளோரைடு என்று இரண்டு வரிக்கு எழுதியிருந்தது.

"இது என்னம்மா?"

"உங்க மாத்திரைதான்."

"என்னுது நீலம்."

"சட்டை மாத்தியிருக்கு. அடுத்தவங்க வாங்க."

வீட்டு வாசலில் வீரபாகு காத்திருந்தது. கவரை வாங்கி முகர்ந்து பார்த்தது.

"டேய் புஜ்ஜு, பொது மாத்திரையாடா? பொதுன்னா என்னன்னு தெரியுமா? பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம். இதுல சந்தோஷமும் பொதுவாத்தான் வரும். காடு பூரா பிரிச்சுக் குடுத்தது போக உன் பங்குக்கு என்னடா தேறும்?"

மறுநாள் காலை கரடி வெள்ளை மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் பெருமூச்சு விட்டது.

"வேலை செய்யல மரகதம்."

"நீங்க இன்னும் முழுங்கவே இல்லங்க."

பழைய பெட்டியில் நீலம் ஆறு மீதி இருந்தது. வீரபாகு யோசித்தது. அது யோசித்தால் முட்கள் சிலிர்த்துக்கொள்ளும்.

"யானை என்ன சொன்னாரு? ரெண்டு பேரு. ரெண்டு பேருன்னா ரெண்டு மருந்து. ஆகையினாலே ரெண்டையும் போடுன்னுதான் முடிச்சாரு. நான் முன்வரிசையில இருந்தேன்டா."

முன்வரிசையில் இருந்தவர்கள் சொன்னால் அந்தக் காட்டில் அப்பீல் கிடையாது. மரகதம் தண்ணீர் எடுக்கப் போகும் நேரம் பார்த்து கரடி தினமும் நீலத்தையும் வெள்ளையையும் சேர்த்துப் போட்டது. மூன்றாம் நாள் கைகால் நடுங்கியது. வியர்த்துக் கொட்டியது. இருந்த ஒரு மரம் இரண்டாகத் தெரிய, இல்லாத மரத்தில் சாய்ந்து விழுந்தது. 'ஃபூ' கூட நின்றுபோனது.

மரகதம் பெட்டியையும் கவரையும் எடுத்துக்கொண்டு பொது மருந்தகத்துக்கு ஓடியது. கீரி இரண்டையும் ஒரு முறைதான் பார்த்தது. கவுன்டரைத் தாண்டிக் குதித்து ஆந்தையிடம் ஓடியது. பாம்பு அன்றைக்கு நிம்மதியாக மதியச் சாப்பாடு சாப்பிட்டது.

விஷயத்தைக் கேட்டதும் ஆந்தை பகலில் முதல் முறையாக இரண்டு கண்களையும் திறந்தது. பக்கத்தில் நின்ற செவிலிமான் அதைப் பார்த்தே பயந்துவிட்டது. கரடியை இரண்டு நாள் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். நடுக்கம் அடங்கியதும் கீரி கட்டிலருகே வந்து நின்றது.

"அண்ணே, உங்க பேரு என்ன?"

"மாசிலாமணி."

"வீட்டுல?"

கரடி சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியது. "புஜ்ஜு."

"வாசல்ல நின்னு மாசிலாமணி, புஜ்ஜுன்னு ரெண்டு பேரையும் சொல்லிக் கூப்பிட்டா எத்தனை கரடி வரும்?"

"ஒண்ணுதான்."

"வயித்துக்குள்ள மட்டும் எப்படிண்ணே ரெண்டை விட்டீங்க? ஆனந்தோராங்கிறது வீட்டுப் பேரு. இந்த நீளமானது சர்டிபிகேட் பேரு. ஆளு ஒண்ணு."

கரடி எழுந்து உட்கார்ந்தது.

"புரியுதும்மா. ஆனா என்னை மாசிலாமணின்னு முழுசா யாராவது கூப்பிட்டா கைகட்டி எந்திரிச்சு நிக்கத் தோணுது. பள்ளிக்கூடத்துலயும் கோர்ட்டுலயும்தான் அப்படிக் கூப்பிட்டிருக்காங்க. புஜ்ஜுன்னு கூப்பிட்டா என்னமோ ஒரு இது."

 கீரி படித்த மருந்தாளுநர் படிப்பில் இந்தப் பாடம் இல்லை.

ஆந்தை சொன்னபடி கரடி வெள்ளையை மட்டும் ஒரு மாதம் போட்டது. நடுவில் ஒரு நாள் எழுந்து குளித்தது. வீரபாகுவோடு சண்டை போட்டது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை. கவரின் பின்பக்கத்தையும் பெட்டியின் பின்பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. எறும்பு படிக்கும் அளவு எழுத்தில் இரண்டிலும் ஒரே முகவரி இருந்தது: பெரிய புற்று, மேற்குச் சரிவு.

கரடி கிளம்பிப் போனது.

புற்று வாசலில் கரையான் மேலாளர் நின்றிருந்தது. கரடியைக் கண்டதும் அதற்கு உயிர் போய் வந்தது.

"வாங்க சார். உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டு ரொம்ப வருத்தப்பட்டோம். நீங்க இந்தப் பக்கம் வராததால எங்க உற்பத்தி நல்லா ஏறியிருக்கு."

உள்ளே ஒரு பெரிய தொட்டி. அதில் ஒரே பொடி. அங்கிருந்து இரண்டு வழிகள் பிரிந்தன. இடது அறையில் நாற்பது கரையான்கள் வெள்ளை மாத்திரை தட்டிக்கொண்டிருந்தன. வலது பக்கம் மூன்று மாடிகள். முதல் மாடியில் நீலச் சாயம். இரண்டாவது மாடியில் மான் வரைதல். மூன்றாவது மாடியில் ஆயிரம் கரையான்கள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தன.

"இவங்க என்ன பண்றாங்க?"

"பேரு யோசிக்கிறாங்க சார். அடுத்து 'ஆனந்தோரா பிளஸ்' வருது."

"பிளஸ்ல என்ன கூடுதல்?"

"மான் சிரிக்கும்."

"அப்ப மருந்து?"

"அதே தொட்டி சார். சேர்க்கிற மாவும் சாயமும்தான் கொஞ்சம் வேற. அபூர்வமா யாருக்காவது அது ஒத்துக்கலன்னா டாக்டர்கிட்ட சொல்லணும். மத்தபடி ஒண்ணுதான்."

கரடி மூன்றாவது மாடியை அண்ணாந்து பார்த்தது. ஆயிரம் பேர். வேலை செய்து இளைக்காத உடம்பு. மூக்கின் நுனி குறுகுறுத்தது. வயிற்றுக்குள் எங்கோ, பங்குனிக்குப் பிறகு முதல் முறையாக, ஒரு உறுமல் கேட்டது.

மேலாளருக்கும் அது கேட்டது. "மருந்து வேலை செய்யுது போலிருக்கே சார்" என்றது பின்னால் நகர்ந்துகொண்டே.

"எது? நீலமா, வெள்ளையா?"

"ஒரு மாசமா எதைப் போடுறீங்க?"

"வெள்ளை."

"அப்புறம் என்ன சார்" என்று சொல்லிவிட்டு மேலாளர் இடது அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டது.

இரண்டு மலை தாண்டி, அடுப்படியில் நின்றிருந்த மரகதத்தின் காதில் 'ஃபூர்ர்ர்' என்று விழுந்தது. 'ர்ர்ர்' முழுதாக இருந்தது. மரகதம் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதது. பக்கத்துக் குகைகளில் சோற்றை இறக்கினார்கள்.

சாயங்காலம் கரடி நீல மூக்கோடு வீடு திரும்பியது.

"என்னங்க சாப்பிட்டீங்க?"

"பேரு."

சந்தேகம் தீர்ந்து, இனியும் வெள்ளை மாத்திரையை மட்டும், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, டாக்டர் போதும் என்று சொல்லும் வரை போடுவதென்று மாசிலாமணி முடிவு செய்தது.

நீதி: எந்தப் பெயரில் வாங்கினாலும் மருந்தின் குணம் ஒன்றே, ஆனால் சத்து முழுவதும் பெயர் வைக்கிறவர்களிடம்தான் இருக்கிறது.