ஆறு கடக்கும் வண்டியும் நான்கு தேசிக்காய்களும்

நான் பதறினால் என் கைக்குக் கண் தெரியாது. ஐம்பத்திரண்டு வயதில் இதை ஒப்புக்கொள்ள வெட்கமில்லை. வீட்டில் எல்லோருக்கும் எப்போதோ தெரியும்.

ஒஸ்லோவில் ஒரு சீன வாகன நிறுவனத்தின் முகவரிடம், வாங்க வருபவர்களுக்கு வண்டி ஓட்டிக் காட்டும் வேலை கிடைத்திருந்தது. அந்த நிறுவனம் இராணுவத்துக்கு வண்டி செய்வது; அதையே கொஞ்சம் சாந்தப்படுத்திச் சாதாரண சனத்துக்கும் விற்கிறது. விளம்பரத்தில் அது பாறையில் ஏறும், ஆற்றில் இறங்கும். (ஓட்டுபவன் முகத்தைக் காட்ட மாட்டார்கள். காரணம் பிறகு விளங்கியது.)

மலையில் தவறியவர்களைத் தேடும் குழுவுக்காக இங்கிரிட் என்ற பெண் வண்டி பார்க்க வருவதாக இருந்தது. அவர் வாங்கினால் என் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு சரி என்று முதலாளி மிக மென்மையாகச் சொல்லியிருந்தார்.

புறப்படும்போது மனைவி நான்கு தேசிக்காயை (எலுமிச்சைதான்) சட்டைப்பைக்குள் திணித்தாள்.

"இஞ்சாருங்கோ, சில்லுக்குக் கீழை வைச்சு நசிக்காமல் புது வாகனத்தை எடுக்கப்படாது."

"அது கொம்பனி வாகனம்."

"ஓட்டுறது ஆர்? நீங்கள்தானே. அப்ப கட்டாயம் வேணும்."

யாரும் வருமுன் சில்லுக்கு ஒன்றாக வைத்தேன். நிமிர்ந்தால் இங்கிரிட் பத்து நிமிடம் முந்தி வந்து நிற்கிறார். அவர் என் பக்கத்தில் ஏற, சீனாவிலிருந்து வந்திருந்த பொறியியலாளர் லின் பின்னால் ஏறினார். முதலாளி சாம்பல் நிறக் காற்சட்டையோடு வெளியே நின்றார்.

வண்டியை எடுத்தேன். அது அசையவில்லை. "முன்னால் தடை" என்றது திரை. வண்டிக்கு அடியிலுள்ள கமரா, நான்கு தேசிக்காயையும் பூசணிக்காய் அளவில் படம் போட்டுக் காட்டியது. பாறையில் ஏறுகிற, ஆற்றில் இறங்குகிற வண்டி, தேசிக்காயைக் கண்டு மாடு போல் படுத்துவிட்டது.

"அது என்ன?" என்றார் இங்கிரிட்.

"பாதுகாப்பு ஏற்பாடு."

லின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "அது எங்கள் உதிரிப்பாகமா?"

இறங்கி எடுத்திருக்கலாம். மூளையுள்ளவன் அதைத்தான் செய்வான். நான் திரையிலிருந்த நாற்பது சின்னங்களில் ஒன்றை அமத்தினேன். இடப்பக்கச் சில்லுகள் முன்னுக்கும் வலப்பக்கச் சில்லுகள் பின்னுக்கும் போக, வண்டி நின்ற இடத்திலேயே பம்பரமாய் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நின்றது. நான்கு தேசிக்காயின் சாறும் முதலாளியின் காற்சட்டையில்.

நான் மனதுக்குள் இராஜினாமாக் கடிதம் எழுதத் தொடங்கினேன்.

"எங்கள் மலைப்பாதையில் திருப்ப இடமில்லை," என்றார் இங்கிரிட் மெதுவாக. "அதை இன்னொரு முறை செய்து காட்டுங்கள்."

எந்தச் சின்னம் என்று யாருக்குத் தெரியும்? நான் கண்ணாடி துடைப்பானைப் போட்டேன், ஒலிப்பானை அடித்தேன், இருக்கையைச் சூடாக்கினேன். கடைசியில் லின் பெருமூச்சோடு கையை நீட்டி அமத்தினார்.

இங்கிரிட் வண்டியை வாங்கினார், நான் ஓட்டிக்கொண்டு வந்து தரக்கூடாது என்ற நிபந்தனையோடு. என்னை நிரந்தரமாக்கினார்கள், உதிரிப்பாகக் களஞ்சியத்தில்.

அடுத்து வந்த பாவனைக் கையேட்டில், சில்லுக்கு முன் பழங்களை வைக்க வேண்டாம் என்று படத்தோடு ஒரு பக்கம் இருந்தது. லின்னின் கைங்கரியம். மனைவி அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுச் சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள்.

வருகிறவர்களிடம் அதைக் காட்டி, "இவரை நம்பியிருந்தால் வேலை போயிருக்கும்," என்கிறாள். "வித்துக் குடுத்தது என்ரை தேசிக்காய்."